போன மாதம் எத்தனை கிலோ

கருவாட்டுக் கம்பெனி வைத்திருக்கிறோம் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்தக் கடற்கரைல?" என்பதுதான். திருச்சுழிப் பக்கம் என்பேன். உடனே ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்க இரண்டு பஸ்ஸு மாற வேண்டும் என்பது உண்மைதான். என் மதினி, அதாவது என் அண்ணன் மனைவி, இன்றுவரை கடலைப் பார்த்ததே இல்லை. ஆனால் ஒரு நெத்திலியைக் கையில் எடுத்து ஒடித்தால் அது எத்தனை நாள் வெயில் கண்டது என்று சொல்லிவிடுவார். சிரிக்கிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: கருவாட்டுக்கு வேண்டியது தண்ணீர் இல்லை, வெயில். அது எங்களிடம் கொட்டிக் கிடக்கிறது. வேண்டுமானால் உங்களுக்கும் ரெண்டு மூட்டை கட்டித் தருகிறேன்.

நாங்கள் மூன்று பேர். நான், மதினி, பிறகு கீழத்தெரு அக்கா. அக்கா பதினைந்து வருடம் வாரச் சந்தைகளில் கருவாடு விற்றவர். கடற்கரையிலிருந்து வரும் மூட்டையை அவிழ்க்கும் முன்பே மூக்கை வைத்து, "இது பழசு, திருப்பி அனுப்பு" என்பார். லோடு வண்டிக்காரர் சத்தியம் செய்வார், அக்கா அசைய மாட்டார். அவிழ்த்துப் பார்த்தால் பழசாகத்தான் இருக்கும். மதினி இந்தத் தொழிலுக்கு முன்னால் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லில் பத்து வருடம் நின்றவர். நின்றவர் என்றுதான் சொல்ல வேண்டும், அங்கே உட்கார இடம் கிடையாது. பஞ்சுத் தூசி நெஞ்சில் அடைத்து இருமிக்கொண்டே இருப்பார். அண்ணனின் காட்டில் மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. அதனால் மில் வண்டி தெருமுனையில் ஹாரன் அடித்ததும் ஓடிப்போய் ஏறிவிடுவார். நான் பன்னிரண்டாவது படித்தவள், உள்ளூரிலேயே வாக்கப்பட்டவள், வாய் கொஞ்சம் நீளம். இந்த மூன்று தகுதியையும் வைத்து என்னைத் தலைவியாக்கினார்கள்.

அண்ணனுடைய பழைய பருத்திக் கொட்டகைக்கு வெள்ளையடித்து, தரைக்கு ஓடு பதித்து, ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தோம். கருவாட்டை வாங்கி, தலையும் மண்ணும் போகச் சுத்தம் செய்து, வெளியே வலைப் பந்தலில் மறுபடி காயவைத்து, கால் கிலோ பொட்டலமாகப் போட்டு விற்பது. வேலை இவ்வளவுதான். இதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிந்து ஒரு பேப்பர் வாங்க வேண்டும் என்று தெரிந்தபோது மூன்று பேரும் புதுச் சேலை கட்டிக்கொண்டு அருப்புக்கோட்டை இ-சேவை மையத்துக்குப் போனோம்.

அங்கே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் கேட்டாள்: "நீங்க மீன் பிடிக்கிறவுகளா, காய வைக்கிறவுகளா, வண்டில ஏத்துறவுகளா, பொட்டலம் போடுறவுகளா, கடைல விக்கிறவுகளா? ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிப் பேப்பரு."

"எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் போடும்மா" என்றார் அக்கா.

"அப்பிடியெல்லாம் போட முடியாதுக்கா. படகுக்காரவுகளுக்கு வேற ஆபீஸு, உங்களுக்கு வேற ஆபீஸு. ஒண்ணைச் சொல்லுங்க."

"திங்கிறவுகளுக்கு ஏதாச்சும் பேப்பர் இருக்கா? அதுல முதல்ல எங்களைப் போடு."

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் பின்னால் வரிசையில் நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள். கடைசியில் தயாரித்துப் பொட்டலம் போடுகிறவர்கள் என்ற இடத்தில் எங்களை வைத்தாள். பிறகு, பொறுப்பாளர் யார், அறிக்கை கொடுப்பது யார் என்று கேட்டாள். நான் கையைத் தூக்கிவிட்டேன். யாரும் கேட்பதற்கு முன்னால் தூக்கினேன் என்று மதினி இன்றும் கேலி செய்கிறார். ஆமாம், தூக்கினேன்தான். எனக்குக் கையெழுத்துப் போடப் பிடிக்கும். கல்யாணப் பத்திரிகையில் பெயர் வருவதைவிட அரசாங்கத் தாளில் என் கையெழுத்து இருப்பது எனக்குப் பெரிது.

இப்படி வேலை பிரிந்தது. மூட்டையைச் சோதித்து வாங்குவது அக்கா. கொட்டகைக்குள் நடப்பது முழுக்க மதினி. சுத்தம், எடை, தினமும் எத்தனை கிலோ போட்டோம் என்று நோட்டில் எழுதுவது எல்லாம் அவர். அந்த நோட்டைப் பார்த்து அறிக்கையை நிரப்பிக் கையெழுத்துப் போடுவது நான். என் வேலைதான் ரொம்ப லேசு. அதைத்தான் நான் ரொம்பப் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

விதிகளோடு முதலில் நடந்த சண்டை வளையலால் வந்தது. வேலை செய்யும்போது கையில் வளையல் கூடாது, தலையில் பூ கூடாது, வலைத் தொப்பி போட வேண்டும். "வெறுங்கையோட நிக்கச் சொல்றாகளா? கட்டுனவன் நல்லா இருக்கையிலயா?" என்று அக்கா குதித்தார். அக்காவின் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவரையே கூப்பிட்டு, "அண்ணே, அக்கா வளையலக் கழட்டுனா உங்களுக்கு ஏதும் ஆகுமா?" என்று கேட்டேன். "பீடியப் புடுங்குனாத்தான் ஆகும்" என்றார். அன்றிலிருந்து வளையல்கள் கொட்டகை வாசலில் ஒரு ஆணியில் தொங்கின. மாலையில் யாருடையது யாருடையது என்று ஒரு சின்ன சந்தையே நடக்கும்.

தொழில் பிடித்துக்கொண்டது. எப்படிப் பிடித்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பக்கத்து ஊர் வீரசோழனில் ஒரு கடைக்காரர் முதலில் பத்துப் பொட்டலம் வாங்கினார், அடுத்த வாரம் ஐம்பது கேட்டார். பிறகு அருப்புக்கோட்டையில் மூன்று கடைகள். பஸ்ஸில் நான் பையோடு ஏறினால் கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டே டிக்கெட் கிழிப்பார். இறங்கும்போது, "எக்கா, வாளைக் கருவாடு இருக்கா?" என்று காதருகே கேட்பார். ஊரில் யாராவது, "என்ன, யாவாரம் எப்பிடிப் போகுது?" என்றால், "ஏதோ ஓடுது" என்பேன். எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்ல வேண்டும். களத்தில் குன்று போலச் சோளம் குவிந்திருந்தாலும், "ஏதோ விதைக்குத் தேறும்" என்றுதான் என் அப்பா சொல்வார். இவ்வளவு விளைந்தது என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும், அடுத்த வெள்ளாமை காலி. இது யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. தாய்ப்பாலோடு வந்தது.

போன வருடக் கடைசியில் மதுரையிலிருந்து ஒரு பெரிய கடையின் ஆட்கள் வந்தார்கள். பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, மாதாமாதம் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஆனால் எங்களிடம் இருந்த சின்னப் பதிவு போதாதாம். பெரிய அனுமதி வாங்க வேண்டுமாம். அதற்கு அதிகாரி நேரில் வந்து பார்த்து ஒப்புதல் எழுத வேண்டும். நான் விண்ணப்பம் போட்டேன். வெள்ளிக்கிழமை வருகிறோம் என்று பதில் வந்தது.

அதே வாரம்தான் மில் மேஸ்திரி மதினிக்கு போன் போட்டார். "உன் எடத்துக்கு இன்னும் ஆளு போடலம்மா. மில்லுல கேக்காக. திங்கக்கெழமைக்குள்ள வாரேன், வரலன்னு ஒரு சொல்லு சொல்லிரு. இல்லேன்னா வேற ஆளப் போட்டுருவோம்." மதினி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அனுமதி கிடைத்தால் கொட்டகை நிலைக்கும், கிடைக்காவிட்டால் மதுரைக் கடை போய்விடும், வருகிற பணம் மூன்று பேருக்குக் காணாது, மதினி திரும்பவும் அந்தத் தூசிக்குள் போய் நிற்க வேண்டியதுதான். அண்ணனும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மில்லையே விரும்பினார். மாதம் பிறந்தால் கைக்கு வருகிற ஒன்றை விட்டுவிட்டு மீனை நம்புவதா என்று அவருக்கு. மதினி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "எனக்கு அங்க போக வேண்டாம்த்தா. இங்க மூச்சு விடுறேன்." "நான் பாத்துக்கிறேன் மதினி, நான் எதுக்கு இருக்கேன்?" என்று பெரிய மனுஷி போலச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். பெண் அதிகாரி. எங்கள் வயதுதான் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு, நாங்கள் கொடுத்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, கேட்காமலேயே கைகழுவி, தலையில் வலைத் தொப்பி மாட்டிக்கொண்டார். தொப்பி மாட்டும்போது தன் காதோரத்தில் இருந்த மல்லிகையைத் தானே எடுத்து வாசல் ஆணியில் வளையல்களோடு தொங்கவிட்டார். அக்கா என் விலாவில் இடித்து, "நல்ல பொம்பள" என்றார்.

தரையைப் பார்த்தார், திருப்தி. தண்ணீர் சோதனைத் தாளைப் பார்த்தார், திருப்தி. பந்தலில் காய்ந்த நெத்திலியை ஒடித்துப் பார்த்துவிட்டு, "இப்படிக் காய்ஞ்சு நான் பாத்ததே இல்ல" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பிறகு மேசையில் உட்கார்ந்து ரெஜிஸ்டரைக் கேட்டார். மதினியின் நோட்டையும், நான் கையெழுத்திட்ட அறிக்கையையும், கடற்கரையிலிருந்து வந்த மூட்டைகளின் ரசீதுக் கட்டையும் பெருமையாக நீட்டினேன்.

அவர் முதலில் ரசீதுகளைப் பார்த்தார். பிறகு நோட்டை. பிறகு மறுபடி ரசீதுகளை. பேனாவை மூடினார்.

"போன மாசம் எட்டு மூட்டை வாங்கிருக்கீங்க. நூத்தி அறுபது கிலோ. கழிவு போனாலும் நூறு கிலோவுக்கு மேல வரணும். நோட்டுல இருபத்தியோரு கிலோதான் இருக்கு. மீதி எங்கம்மா போச்சு?"

நோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். இருபத்தியொன்று. அதற்கு முந்திய மாதம் பதினெட்டு. அதற்கு முந்திய மாதம் பத்தொன்பது. எல்லாம் என் கண்ணால் பார்த்து, என் கையால் அறிக்கையில் எழுதி, கீழே சுழித்துக் கையெழுத்துப் போட்டவைதான். ஒரு தடவைகூட ரசீதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அந்த எண்கள் சிறியவை என்றே எனக்கு உறைக்கவில்லை. எங்கள் ஊரில் எல்லா எண்ணும் சிறியதுதானே.

"சொல்லுங்கம்மா. கணக்குல வராத சரக்கு எங்க போகுது? லேபிள் இல்லாம வெளில விக்கிறீங்களா? இல்ல வேற யாருக்காவது இங்க வச்சுப் பொட்டலம் போட்டுக் குடுக்குறீங்களா? இதுக்குப் பதில் இல்லாம நான் ஒப்புதல் எழுத முடியாது. இருக்கிற பதிவையும் நிறுத்தி வைக்க வேண்டி வரும்."

அந்த நேரம் பார்த்து எங்கள் அக்கா எங்களைக் காப்பாற்ற முடிவு செய்தார். "பூன தின்னுருக்கும் மேடம்" என்றார்.

அதிகாரி நிமிர்ந்தார். "பூனையா? உள்ள பூனை வருதா?"

"ஒண்ணு ரெண்டு இல்ல மேடம், ஏழு ஊருப் பூன. நூறு கிலோவ ஒரு ராத்திரில..."

"அக்கா, வாயை மூடுங்க!" என்று கத்தினேன். உணவுக் கொட்டகைக்குள் பூனை வருகிறது என்றால் அது கணக்கு தப்பினதைவிடப் பெரிய குற்றம். வலையடித்த ஜன்னலையெல்லாம் நான் ஓடி ஓடிக் காட்டினேன். பூனை வராது மேடம், எறும்புகூட வராது மேடம் என்று உளறினேன். அதிகாரி ஜன்னலைப் பார்த்துவிட்டு, "எனக்குப் பூனையில்லம்மா, கிலோதான் வேணும்" என்றார்.

பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். மதினியின் பக்கம் திரும்பினேன். "மதினி, என்ன செஞ்சீக? உங்க பிறந்த வீட்டுக்குக் கொடுத்து விட்டீகளா? தனியா வித்தீகளா? வாயத் தொறந்து சொல்லுங்க!" சொல்லி முடிப்பதற்குள்ளேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எத்தனை வருடம் ஒரே சட்டியில் தின்றவர்கள் நாங்கள். வெளி ஆள் முன்னால் இப்படிக் கேட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற பேச்சுகளில் அதுதான் முதல்.

மதினி அழவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கைகழுவிவிட்டு, சாமி படம் மாட்டியிருந்த மாடத்துக்குப் போய், பின்னாலிருந்து ஒரு சில்வர் தூக்குச் சட்டியை எடுத்துவந்து மேசையில் வைத்தார். திறந்தார். உள்ளே சின்னச் சின்னத் துணி முடிச்சுகள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுத் தாளில் மாதத்தின் பெயர்.

"எழுதல மேடம். ஆனா எண்ணி வச்சிருக்கேன்" என்றார். "ஒரு கிலோவுக்கு ஒரு புளியங்கொட்டை. ஒரு நாளும் தப்பல."

போன மாதத்து முடிச்சை அவிழ்த்தார். மேசை முழுக்கப் பளபளவென்று புளியங்கொட்டை சிதறியது.

"நோட்டுல ஏன் எழுதலை?"

"எப்பிடி மேடம் எழுதுறது? தெனம் சாயங்காலம் அடுக்கி வச்ச பொட்டலத்தப் பாத்தா எனக்கே மலைப்பா இருக்கும். பத்து வருசம் மில்லுல நின்னேன், நான் ஓட்டுன நூலு எம்புட்டுன்னு ஒருத்தன் சொன்னதில்ல. இது என் கையில நெறையுது. இம்புட்டையும் மசியில எழுதி வச்சு, அத நாலு பேரு படிச்சு, கண்ணு பட்டுப் போச்சுன்னா? அதான் கம்மியா எழுதுனேன். சாமிக்குத் தெரியட்டும்னு கொட்டையப் போட்டேன்."

அதிகாரி ஒரு கொட்டையை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். அவர் என்ன எழுதப் போகிறாரோ என்று நான் அவர் பேனாவையே பார்த்தேன்.

"எங்க அப்பாவும் மிளகாய் எத்தனை மூட்டைன்னு சொல்லவே மாட்டாரு" என்றார் அவர். "பேங்க்குல லோனு கேக்கப் போயும் சொல்ல மாட்டேன்னு திரும்பி வந்த மனுஷன்." அவர் சிரித்ததும் எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் உடனே முகத்தை மாற்றிக்கொண்டார். "ஆனா கொட்டையை நான் கம்ப்யூட்டர்ல ஏத்த முடியாதும்மா. இது சரிதான்னு காட்ட வேற ஏதாவது இருக்கா?"

இங்கேதான் எனக்கும் ஒரு புத்தி வேலை செய்தது. லேபிள்! பொட்டலத்தில் ஒட்டும் லேபிள் சுருளாக வரும், ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு என்று வரிசை எண் அச்சாகியிருக்கும். மாதம் பிறக்கும்போது புதுச் சுருள் போடுவோம், மிச்சத்தை அப்படியே எடுத்து வைப்போம். போன மாதச் சுருளில் கடைசியாகக் கிழித்த எண்ணைப் பார்த்தால் எத்தனை பொட்டலம் போட்டோம் என்று தெரிந்துவிடும். ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அரசாங்க அதிகாரி ஒரு பக்கம், ஜீப் டிரைவர் ஒரு பக்கம், நாங்கள் மூன்று பேர், எல்லோரும் மேசையைச் சுற்றி நின்று புளியங்கொட்டை எண்ணினோம். டிரைவர் பத்துப் பத்தாகக் கும்பல் வைத்தார். அக்கா பழக்க தோஷத்தில் பல்லாங்குழி போல அள்ளப் போய் அதிகாரியிடம் திட்டு வாங்கினார். இரண்டு தடவை எண்ணினோம். நூற்றுப் பதினெட்டு. கிலோவுக்கு நாலு பொட்டலம், அப்படியென்றால் நானூற்று எழுபத்திரண்டு லேபிள் போயிருக்க வேண்டும். சுருளில் கிழிந்திருந்தது நானூற்று அறுபத்தொன்பது.

"மூணு உதைக்குதே" என்றார் அதிகாரி. "மூணு பொட்டலம் லேபிள் இல்லாம போயிருக்கு."

நான் மறுபடியும் மதினியைப் பார்த்தேன். மதினி என்னைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் கண்ணில் ஒரு சிரிப்பு இருந்தது.

"ஏத்தா, நீதான உன் சம்பந்தி வீட்டுக்குப் போகையில மூணு பொட்டலத்த அள்ளிட்டுப் போன? வீட்டுக்குத்தான மதினி, லேபிள் எதுக்கு, வீணான்னு சொன்னியே?"

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். டிரைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை நேரம் பிறந்த வீட்டுக்குக் கொடுத்தீகளா என்று நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது: அந்தக் கொட்டகையிலிருந்து கணக்கில்லாமல் சரக்குக் கடத்திய ஒரே ஆள் நான்தான். "ஆமா மேடம், நான்தான்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அதிகாரி பேனாவைத் திறந்தார். "சரி. இப்ப மூணு விஷயம். பழைய அறிக்கையைத் திருத்திப் புதுசாக் குடுக்கணும், எல்லா மாசத்துக்கும். ரெண்டாவது, கணக்கைத் தெரியாதவங்க கையெழுத்துப் போடக் கூடாது. எண்ணுறவங்கதான் அறிக்கை கொடுக்கிற பொறுப்பாளரா இருக்கணும். பேரை மாத்துங்க." அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஆனால் எனக்குக் காது சூடாகிவிட்டது. "மூணாவது, இவங்க எனக்கு முன்னால வாக்குமூலம் சொல்லணும், நான் எழுதிக்குவேன். சொல்லுங்கம்மா, போன மாசம் எத்தனை கிலோ?"

மதினி மேசையிலிருந்த கொட்டைக் கும்பல்களை இன்னும் ஒழுங்காக நகர்த்தி வைத்தார்.

"சும்மா சொல்லுங்க. எண்ணியாச்சே."

"நீங்களே எழுதிக்கங்க மேடம். மேசைலதான இருக்கு. என் வாயால வேண்டாம்."

"உங்க வாயாலதாம்மா வேணும். நான் எழுதிட்டு நீங்க சொன்னதாப் போட முடியாது."

மதினி முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவரைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. ஐம்பது வருடமாக வாயில் ஏறாத ஒன்றை ஒரு பேனாவுக்கு முன்னால் எப்படி எடுத்து வைப்பது? என் அப்பா சொன்னதில்லை, அவருடைய அப்பா சொன்னதில்லை, நானும்கூட ஊரில் "ஏதோ ஓடுது" என்றவள்தான். நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "மதினி, நான் பேசுனதுக்கு என்னை அப்புறம் செருப்பால அடிங்க. இப்பச் சொல்லிருங்க. நீங்க மில்லுக்குப் போகக் கூடாது. சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "நூத்திப் பதினெட்டு" என்றார். யாருக்கும் கேட்கவில்லை.

"கேக்கலம்மா."

"நூத்திப் பதினெட்டு கிலோ!" கொட்டகை அதிர்ந்தது. வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்த அக்காவின் வீட்டுக்காரர், "எது, நூத்திப் பதினெட்டா?" என்று எழுந்து வந்துவிட்டார்.

அவ்வளவுதான். அக்கா பாய்ந்து போய் ஒரு கை உப்பும் ஏழு மிளகாய் வற்றலும் எடுத்துவந்து மதினியின் தலையைச் சுற்றத் தொடங்கினார். என்னைச் சுற்றினார். தராசைச் சுற்றினார். "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, கேட்டவுக கண்ணு, எழுதுனவுக கண்ணு" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அதிகாரியின் முன்னால் வந்ததும் தயங்கி நின்றார். எழுதியவரே எதிரில் உட்கார்ந்திருக்கிறாரே.

"என்னையும் சேத்துச் சுத்துங்க" என்றார் அதிகாரி, எழுதுவதை நிறுத்தாமல். "நானும் இன்னிக்கு ஒரு கிலோ வாங்கலாம்னு கண்ணு வச்சிட்டேன். லேபிளோட குடுங்க."

சிரித்துச் சிரித்து எனக்கு விலா நோவெடுத்துவிட்டது. மிளகாயை வெளியே கொண்டுபோய்த்தான் கொளுத்த வேண்டும், உள்ளே கூடாது என்று அதையும் அவர் விதியாகச் சொன்னார். கிளம்பும்போது, ஒப்புதலுக்கு எழுதுகிறேன், மேலே பார்த்து முடிவு செய்வார்கள், சில நாள் ஆகும் என்றார். அதற்குமேல் ஒரு வாக்கும் கொடுக்கவில்லை.

சனியும் ஞாயிறும் நாங்கள் முடிச்சு முடிச்சாக அவிழ்த்து எண்ணித் திருத்தின அறிக்கையைத் தயார் செய்தோம். ஒவ்வொரு மாதமாக மதினி சொல்ல, நான் எழுதினேன். முதல் மாதம் முணுமுணுத்தார். நாலாவது மாதம் வரும்போது, "இந்த மாசம் என்ன கம்மியா இருக்கு?" என்று தானே கோபப்பட்டார். கையெழுத்துப் போடும் இடம் வந்ததும் பேனாவை அவரிடம் நீட்டினேன். எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். கொஞ்சம் வலித்தது. ஆனால் நாக்கை நுனிப்பல்லில் வைத்துக்கொண்டு அவர் தன் பெயரைக் கூட்டிக் கூட்டி எழுதியதைப் பார்த்தபோது அந்த வலி எங்கே போனதென்றே தெரியவில்லை.

திங்கட்கிழமை வந்தது. அனுமதி வரவில்லை. காலையிலிருந்து நான் போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு மதினியின் போன் அடித்தது. மில் மேஸ்திரி. மதினியின் கையெல்லாம் கருவாடு, அதனால் நான்தான் பொத்தானை அமுக்கி ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னம்மா, முடிவு சொல்லு. வாரியா, இல்லையா?"

பேப்பர் வரும்வரை ரெண்டு நாள் தவணை கேளுங்கள் என்று நான் விரலைக் காட்டினேன். மதினி என் விரலைப் பார்க்கவே இல்லை.

"வரலண்ணே. இங்க போன மாசம் மட்டும் நூத்திப் பதினெட்டு கிலோ போட்டுருக்கோம். நான்தான் எண்ணுனேன். இந்த மாசம் அதுக்கும் மேல போகும். அங்க வேற ஆளப் போட்டுக்கங்க."

மறுமுனையில் மில் ஓடும் இரைச்சல் கேட்டது. பிறகு மேஸ்திரி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, நூத்திப் பதினெட்டுங்கிற, அங்க ஆளு கீளு வேணுமா? எங்க வீட்டுல சும்மாதான் இருக்கா."

"கேட்டுச் சொல்றேண்ணே" என்றார் மதினி.

போன் வைத்ததும் நான் வெடித்தேன். "மதினி, இன்னும் பேப்பரே வரல! வராட்டி என்ன செய்வீக? ரெண்டு நாளு பொறுத்தா என்ன?"

"வராட்டி திரும்ப எழுதிப் போடுவோம். திரும்ப வந்து பாக்கட்டும். இப்ப எல்லாம் சரியா இருக்குல்ல?" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த நெத்திலியின் தலையைக் கிள்ளினார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கோபத்தில் வந்ததா சந்தோஷத்தில் வந்ததா என்று கேட்டால், சந்தோஷத்தில்தான். அந்த மனுஷி இவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

புதன்கிழமை மத்தியானம் அனுமதி வந்தது. அருப்புக்கோட்டைக்குப் போய் அச்செடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் திரும்பினேன், வழியெல்லாம் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். அறிக்கைப் பொறுப்பாளர் என்ற வரிக்கு எதிரே மதினியின் பெயர் இருந்தது. கொட்டகை வாசலில் நின்று மூன்று தடவை சத்தமாக வாசித்துக் காட்டினேன். நாலாவது தடவை மதினி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தாளை என்னிடமிருந்து பிடுங்கி, தானே வாசித்தார்.